அல்பிரசோலமும் குளோனசெபமும் சேர்ந்தே ஓடுது, எதை முதலில் குறைக்க?

கேள்வி (பொது மருத்துவர், களியக்காவிளை பக்கம்):
56 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழில். ராத்திரி பத்துக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி., திருவனந்தபுரத்துச் சீட்டு. கூடவே குளோனசெபம் 0.5, மார்த்தாண்டத்துச் சீட்டு. நாலு வருஷமாகிறது. இரண்டும் ஒரே இனம் (பென்சோடையசெபைன் எனும் தூக்க, பதற்ற மாத்திரை வகை) என்பது அவருக்குத் தெரியாது. குடி இல்லை, வலிப்பு வந்ததில்லை, நிறுத்தச் சம்மதம்.

பதில் (மனநல மருத்துவர், நாகர்கோவில்):
டாக்டர், இரண்டிலும் ஒரே நேரத்தில் கை வைக்க வேண்டாம். குளோனசெபம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். அதை அப்படியே விட்டு அல்பிரசோலத்தைக் குறையுங்கள். 0.375, 0.25, 0.125, பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம். 0.25 மாத்திரை எழுதினால் ஒன்றரை, ஒன்று, அரை என்று எளிதாகப் போகும். குறைத்த முதல் சில ராத்திரி தூக்கம் கெடும். அது பழைய நோய் திரும்பியதல்ல, மருந்து விலகும் விளைவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே பழைய சீட்டோடு கடைக்குப் போய்விடுவார். தாங்கவில்லை என்றால் அதே அளவில் இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். கை நடுக்கம் கூடினாலோ, குழப்பமோ வலிப்போ வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, உடனே அட்மிஷன்.

பதில் (மருந்தாளுநர், மார்த்தாண்டம்):
வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் கவரோடு கொண்டுவரச் சொல்லுங்க சார். வேறு பிராண்டில் இதே மருந்து மூன்றாவதாகவும் இருக்கலாம். அல்பிரசோலம் ஹெச்1 பட்டியல் மருந்து (விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியல்). சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாம் கடைப் பதிவேட்டில் ஏறும். ஆனால் கேரள எல்லைக்கு அந்தப்பக்கக் கடையின் பதிவேடு எங்களுக்குத் தெரியாது. ஒரே டாக்டர், ஒரே கடை, 14 நாளுக்கு மட்டும் சீட்டு. பிராண்ட் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதுங்க.

பதில் (தூக்க சிகிச்சை பார்க்கும் மருத்துவர், தக்கலை):
முதலில் பகல் தூக்கத்தைக் கேளுங்கள். மூன்றரைக்கு எழுந்து பால் வெட்டிவிட்டு மத்தியானம் இரண்டு மணிநேரம் படுத்தால், ராத்திரிக்கு மிஞ்சுவது ஐந்தரை மணிநேரம்தான். அதை வியாதி என்று எண்ணித்தான் பலருக்கு மாத்திரை தொடங்கப்படுகிறது. மழையில் வெட்டு இல்லாத நாளிலும் மூன்றரைக்கே எழ வேண்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் கூடாது, மத்தியானத்துக்குப் பின் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். மருந்தைக் குறைக்க இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்குங்கள். குறட்டையும் மூச்சுத்தடையும் உண்டா என்று மனைவியிடம் கேட்க மறக்காதீர்கள்.

இன்னொன்று: பத்து மணிக்குப் போட்ட அல்பிரசோலம் மூன்றரைக்குப் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும். அந்த இருட்டில் பைக்கும் வெட்டுக்கத்தியும். இந்த ஒரு காரணம் போதும், அவர் குறைக்க ஒத்துழைப்பார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அல்பிரசோலம் முடிந்து, குளோனசெபத்தையும் குறைத்து 0.25க்கு வந்த பின் எப்படி இறக்குவது? வாயில் கரையும் மாத்திரையைப் பாதியாக்கினால் பொடிந்துபோகிறதே.

பதில் (மனநல மருத்துவர், நாகர்கோவில்):
அதை வெட்ட வேண்டாம். 0.25 குளோனசெபத்துக்குக் கிட்டத்தட்ட டயசெபம் (இதே இனத்து இன்னொரு மருந்து) 5 மி.கி. ஈடு. மாற்றியபின் பகல் மயக்கம் இருக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிறகு 2 மி.கி. மாத்திரையை இரண்டு, ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கலாம். கடைசிப் படிகள்தான் கடினம். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு வாரம்கூடக் கொடுங்கள்.