புதுப்பிப்பு: ஊரணிக் கரையும் மதகுக் கசிவும்

ஊர்க் குடிநீருக்குப் புது ஊரணி வெட்டிக் கரை போடுவது பற்றிய முந்தைய இழையில், மதகுக் குழாய் (கரையின் ஊடாகத் தண்ணீரை வெளியே விடும் குழாய்) ஓரமாக ஏன் கசிகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள்.

குழாயை ஒட்டி ரோலர் போக முடியாது என்பதே பெரும்பாலும் காரணம். அங்கே 10 செ.மீ. கனமாக மண்ணைப் பரப்பி, திமிசுக் கட்டையால் கையால்தான் இடிக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளித்து விட்டு இடியுங்கள். குழாய்க்கு அடியில் மணல் மெத்தை போடவே போடாதீர்கள். தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கசியும் தண்ணீர் கலங்கலின்றித் தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் மண் அரித்து வருகிறது என்று பொருள். நீர்மட்டத்தை மெல்ல இறக்குங்கள். வெளிப்புறத்தில் களிமண் அப்பி அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, வெளிப்புறத்தில் கசியும் இடத்தின்மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அப்புறம் பெரிய கல் என்று போடுங்கள். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும்.

கொள்ளளவுக் கணக்கு: 500 பேருக்கு நாளொன்றுக்குத் தலா 55 லிட்டர், 300 நாளுக்கு 82.5 லட்சம் லிட்டர். ஆனால் 1 ஹெக்டேர் பரப்பில் 1.5 மீட்டர் ஆவியானாலே 150 லட்சம் லிட்டர் போய்விடும். ஆகவே அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள்.