தெற்குவாடி சொந்தங்கள்: டேங்கில் இறங்கிய மழை

ரீகன், காலை 6:20
சித்தப்பா, புயல் கூண்டை இறக்கிவிட்டார்கள் என்று இன்றைக்குத்தான் வள்ளத்தைத் தள்ளினோம். மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியும் பார்த்தாச்சு.

சூசை சித்தப்பா, 6:24
டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா?

ரீகன், 6:24
திறந்துதான் இருக்கிறது.

சூசை சித்தப்பா, 6:25
ஹோஸ் நடுவில் இருக்கிற ரப்பர் பல்பு? அமுக்கினால் இறுகுகிறதா?

ரீகன், 6:26
நன்றாக இறுகுகிறது.

சூசை சித்தப்பா, 6:28
அப்படியென்றால் பெட்ரோல் போகிறது, போகிற பெட்ரோல்தான் சரியில்லை. இனி மோட்டாரை இழுக்காதே. டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் படம் அனுப்பு. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

ரீகன், 6:41
[படம்]
அடியில் ஒரு விரற்கடை கலங்கலாகத் தனியாக நிற்கிறது. குலுக்கினால் கலக்கிறது, வைத்தால் மறுபடி பிரிந்துவிடுகிறது.

சூசை சித்தப்பா, 6:43
நினைத்தேன். தண்ணீர் இறங்கியிருக்கிறது. உறிஞ்சுகிற குழாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது, அதனால் மோட்டார் முதலில் குடிப்பதே இந்தக் கலங்கலைத்தான்.

லூர்து அத்தை, 6:50
காசு கொடுத்து வாங்கியதில் தண்ணீரா? பங்கிலேயே கலந்து கொடுத்திருப்பார்களோ?

அருள் மச்சான், 6:58
அம்மா, பங்கில் காலையில் நிலத்தடி டேங்கில் கோல் விட்டு, தண்ணீர் காட்டும் பசை தடவிப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் வாங்குகிறவர்களும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இது புயலுக்கு முன்னால் வாங்கியது. அன்றைக்கே ஊற்றிய என் பைக் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜெசிந்தா அக்கா, 7:05
இப்போது வருவது பழைய பெட்ரோல் இல்லை, அத்தை. 20 சதவீதம் எத்தனால், அதாவது ஒருவகைச் சாராயம், கலந்தது. 2023இல் வரத் தொடங்கி, 2025இல் நாடு முழுக்க அதுதான் என்றாகிவிட்டது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் சேராது, விழுந்த தண்ணீர் அப்படியே அடியில் நிற்கும். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடிக்குப் போய்விடும். ரீகன் பாட்டிலில் நிற்பது தண்ணீர் மட்டும் இல்லை, எத்தனாலும்தான். அதனால்தான் இறங்கிய தண்ணீரைவிட அடியில் நிற்பது அதிகமாகத் தெரிகிறது. குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும்.

ரீகன், 7:09
அடியில் இருப்பதை மட்டும் இறக்கிவிட்டு மேலே தெளிந்ததை ஊற்றிக்கொள்ளலாமா சித்தப்பா?

சூசை சித்தப்பா, 7:12
வேண்டாம். ஆக்டேனை, அதாவது பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிக்காமல் தாங்குகிற தன்மையை, தூக்கிப் பிடித்திருந்ததே அந்த எத்தனால்தான், அது கீழே போய்விட்டது. மிச்சத்தில் ஓட்டினால் மோட்டார் தட்டும், பிஸ்டனுக்குக் கேடு. புதிதாகக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும் என்று துறையில் சொல்வார்கள். ஆகாது. கலக்கினால் புதியதும் போகும்.

டேங்க், ஹோஸ், பல்பு, ஃபில்டர் எல்லாவற்றையும் வடித்துவிடு. கார்புரேட்டர் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றி அதில் நிற்பதையும் இறக்கு. இதை இன்றைக்கே செய். அந்தக் கலங்கல் கிடந்தால் உள்ளே அலுமினியம் அரித்துப் பூத்துவிடும்.

ரீகன், 7:15
சரி. ஆனால் தண்ணீர் எப்படி உள்ளே போனது? வள்ளம் கரையில் கிடந்தபோது காற்றுத் திருகை மூடித்தான் வைத்திருந்தோம். கடல் காற்று ஈரம்தானோ?

சூசை சித்தப்பா, 7:22
ஈரக்காற்றும் கொஞ்சம் சேர்க்கும், ஆனால் இந்தச் சில வாரத்தில் இவ்வளவு பிரிக்காது. இது மழைத்தண்ணீர். மூடி வாஷரைக் கழற்றி வளைத்துப் பார், வெடித்திருக்கும். டேங்க் வெயிலில் காய்ந்து உள்ளே ஆவி விரிகிறது. திடீரென்று வாடையோடு மழை அடிக்கிறது, டேங்க் குளிர்கிறது, உள்ளே இருப்பது சுருங்குகிறது. அப்போது மூடியைச் சுற்றி மேலே தேங்கி நிற்கிற மழைத்தண்ணீரை அந்த வெடிப்பு வழியாக டேங்கே உள்ளே இழுத்துக்கொள்ளும். யாரும் ஊற்ற வேண்டியதில்லை.

ரீகன், 7:31
[படம்]
வாஷர் இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது சித்தப்பா.

ஜெசிந்தா அக்கா, 7:33
அந்த ஹோஸையும் மாற்று. பழைய ரப்பர் எத்தனாலுக்குத் தாங்காது, உப்பிப்போய் உள்ளே பொடிப்பொடியாக உதிரும்.

லூர்து அத்தை, 7:40
முன்பெல்லாம் மாமா மாதக்கணக்கில் போட்டு வைத்திருப்பார், ஒன்றும் ஆனதில்லையே.

சூசை சித்தப்பா, 7:44
அக்கா, அத்தான் ஓட்டியது மண்ணெண்ணெய் மோட்டார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார். ஒரு பாட்டில் பெட்ரோலே பல நாளுக்கு வரும், அதிலும் எத்தனால் கிடையாது. இப்போது நான் துறையில் எல்லோரிடமும் சொல்வது, ஒரு மாதத்துக்கு மேல் போகிற மாதிரி வாங்காதீர்கள். மோட்டாருக்காகப் பெட்ரோலில் ஆயில் கலப்பதும் அப்படித்தான். லிட்டருக்கு 20 மில்லி, அன்றாடம் போகிற அளவுக்கு மட்டும்.

அருள் மச்சான், 7:47
பெட்ரோல் கெடாமல் இருக்க ஒரு மருந்து விற்கிறார்களே மாமா, அது?

சூசை சித்தப்பா, 7:51
நல்லதுதான், ஆனால் புதிய பெட்ரோலில் வாங்கிய அன்றே ஊற்ற வேண்டும். ஊற்றிப் பத்து நிமிஷம் மோட்டாரை ஓட்டினால்தான் கார்புரேட்டர் வரை போகும். பெட்ரோல் பிசினாவதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். கெட்டதைத் திருப்பித் தராது, தண்ணீரையும் எடுக்காது. தண்ணீருக்கு 10 மைக்ரான் பிரிப்பான் ஃபில்டர் ஒன்று ஹோஸில் போட்டுக்கொள். அதுவும் இந்த அளவுக்கு இறங்கினால் நிரம்பிவிடும்.

ரீகன், 7:54
வள்ளம் கரையேறிக் கிடக்கும்போது டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

சூசை சித்தப்பா, 7:58
கையில் தூக்குகிற டேங்க்தானே, காலி செய்துவிடு. மிச்சத்தை அன்றைக்கே அருள் பைக்கில் ஊற்றலாம். ஆயில் கலந்ததென்றால் வேண்டாம், அதை முதலில் ஓட்டித் தீர். வெறும் டேங்கைக் கழுவிக் காயவைத்து மூடி நிழலில் வை. உள்ளே பொருத்திய பெரிய டேங்க் என்றால் வேறு, அதில் விரிய இடம் விட்டு நிரப்ப வேண்டும். அரை டேங்க்தான் எல்லாவற்றிலும் மோசம்.

லூர்து அத்தை, 8:03
அடுப்படிக்கு அடுத்த அறையில் வெள்ளைக் கேனில் வைத்திருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள் முதலில். எனக்குத் தூக்கமே வருவதில்லை.

அருள் மச்சான், 8:10
அம்மா சொல்வது ரொம்பச் சரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து கதவிடுக்கு வழியாக அடுப்புக்கு வந்துவிடும். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கில்லாமல் லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளலாம் என்பது மொத்தம் 30 லிட்டர்தான். அதுவும் இறுக மூடிய இரும்புக் கேனில், ஒரு கேன் 25 லிட்டரைத் தாண்டாமல். தண்ணீர் கேன் கூடவே கூடாது. நிரப்பும்போது கேனை வண்டியிலோ வள்ளத்திலோ வைக்காமல் தரையில் இறக்கி வைக்க வேண்டும், நிலைமின்சாரத்தில் ஒரு பொறி பறந்தால் போதும்.

ரீகன், 8:14
இன்றைக்கே வெளியே கொட்டகைக்கு மாற்றிவிடுகிறோம் அத்தை. கெட்டதை என்ன செய்வது சித்தப்பா?

சூசை சித்தப்பா, 8:17
மணலிலோ கடலிலோ ஒரு சொட்டுகூட ஊற்றாதே. தென்கடல் அடியில் இருக்கிற பாசியும் நண்டுக் குஞ்சும்தான் நமக்குச் சோறு. மூடி போட்ட இரும்புக் கேனில் பட்டறைக்குக் கொண்டு வா. வாஷர் என்னிடம் இருக்கிறது. ஹோஸ் மட்டும் அளவு எடுத்து வா.

ரீகன், 8:18
வடித்துவிட்டு பத்து மணிக்கு வருகிறேன்.