காலி ஸ்டூலோடு பேசிக்கொண்டிருந்தவர்

ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி

சர்ஜிக்கல் வார்டில் நான் சேர்ந்த புதிது. குடலிறக்க ஆபரேஷனுக்கு ஓர் அண்ணாச்சி வந்திருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர், நல்ல பேச்சுக்காரர். ஒரு சாயங்காலம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அடுத்த பெட்டில் சலைன் தீர்ந்துவிட்டது, எழுந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தால், அவர் காலி ஸ்டூலிடம் கதையைத் தொடர்ந்துகொண்டிருக்கிறார். எதிர் பெட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் அண்ணாச்சி சட்டென்று நிறுத்தி, "சிஸ்டர், இருக்கியளா?" என்றார்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. அவர் திட்டவில்லை. "வரும்போது பேரச் சொல்லுதிய. போகும்போதும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த மூன்று நாளும் அவர்தான் எனக்கு டியூட்டர். பாத்ரூமுக்குக் கூட்டிப்போக நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க என்னைப் பிடிக்காதிய, நான் உங்களப் பிடிச்சுக்கிடுதேன்" என்று என் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடந்தார். நான் திரும்பினால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, நான் நின்றால் அவரும் நிற்கிறார். தட்டில் இட்லி 6 மணியில், சட்னி 12 மணியில் என்று கடிகாரக் கணக்கில் சொன்னால் போதும், அவரே சாப்பிட்டுவிடுவார். சூடான டீயைக் கையில் திணிக்கக் கூடாது. மேஜையில் வைத்து, விரல் நுனியைத் தம்ளரில் தொட்டுக்காட்ட வேண்டும். வார்டு கூட்டுகிறவர்கள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் இடம் மாற்றிவிடுவார்கள். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மகள், கோயம்புத்தூர்

என் அம்மாவுக்கு 62 வயதில் சுகரால் விழித்திரை கெட்டுப் பார்வை போனது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸ் இன்சுலின் பேனாவை (பேனா வடிவில் இருக்கிற ஊசி) காட்டி, "இந்த நம்பர் வரைக்கும் திருப்புங்கம்மா" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் நர்ஸைப் பார்த்தேன்.

இரண்டாவதாக வந்த சிஸ்டர்தான் 'டிக், டிக்' என்று சத்தத்தை எண்ணப் பழக்கினார்; எங்கள் பேனாவில் ஒரு டிக் ஒரு யூனிட். காலைப் பேனாவில் ரப்பர் பேண்ட், ராத்திரிப் பேனா வெறுமனே. ஆனால் "கண் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம போட வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊசி முனையில் மருந்து வருகிறதா, காற்று அடைத்திருக்கிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க முடியும். நான் ஆபீஸ் போனால் மாடி வீட்டு அக்கா வந்து நிற்பார்.

பாட்டிலில் இன்சுலின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஒரு மில்லியில் 40 யூனிட் என்று போட்ட பாட்டிலுக்கு 40 என்று போட்ட சிரிஞ்சுதான். அதே மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 பாட்டில் மருந்தை 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். பார்வை உள்ளவர்களே தவறவிடுகிற இடம் இது.

பிரெய்ல் கற்றுக்கொடுக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு அதே சுகரால் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, புள்ளி எப்படித் தெரியும்? காலில் புண் வந்தாலும் பார்க்கவும் முடியாது, உணரவும் முடியாது. தினம் ராத்திரி பாதத்தை நான்தான் பார்க்கிறேன்.

பேரன், தஞ்சாவூர்

தாத்தாவுக்கு 84. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து முக்கால்வாசிப் பார்வை போய்விட்டது. ஒருநாள், "கட்டில் பக்கத்துல சின்னப் பசங்க வரிசையா நிக்கிறாங்க" என்றார். மறுநாள் சுவரெல்லாம் கொடி படர்ந்திருக்கிறது என்றார். வீட்டில் மந்திரிக்க ஆள் தேடினார்கள். எனக்கு மனநோயோ என்று பயம்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா பதறவே இல்லை. "அந்தப் பசங்க பேசுறாங்களா தாத்தா?" என்று கேட்டார். "இல்லம்மா, சும்மா நிக்கிறாங்க. நிஜமில்லன்னு எனக்கே தெரியுது, சொன்னா பைத்தியம்பீங்கன்னு பயம்." கண் டாக்டரிடம் போனோம். சார்லஸ் பானே சின்ட்ரோம் என்றார். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தானாகப் படம் போடுகிறதாம். 1760இல் சுவிட்சர்லாந்துக்காரர் பானே தன் தாத்தாவுக்கு இப்படி இருந்ததை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கதை அவர்கள் வீட்டிலும்! படம் வரும்போது கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைக்கச் சொன்னார்கள். சில நேரம் கலைந்துவிடுகிறது. தாத்தா இப்போது, "இன்னைக்குப் பசங்க லீவு" என்கிறார்.

பார்வையற்ற ஆசிரியர், சென்னை

மூன்று பேருமே நல்ல நர்ஸ்களைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். என் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு தனியார் மருத்துவமனையில் (பேர் வேண்டாம்) என்னை வைத்துக்கொண்டே என் மனைவியிடம், "சாருக்கு சுகர் இருக்கா?" என்றார்கள். எனக்குக் கண்தான் தெரியாது. சம்மதப் படிவத்துக்கு மைப்பெட்டியை நீட்டினார்கள். இருபது வருஷமாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். படிவத்தை யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் மைப்பெட்டியைக்கூட மன்னித்திருப்பேன்.

இன்னொன்று. எனக்கு வெளிச்சமே தெரியாது. அதனால் உடம்புக் கடிகாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். சில வாரம் ராத்திரி முழுக்க விழிப்பு, பகலில் தூக்கம். முழுப் பார்வையிழப்பு உள்ளவர்கள் பலருக்கு இது உண்டு. கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதிவிட்டார்கள்!

ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி

சார், நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இனி முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன்.

தனிச்செய்தியில் ஒருவர் சொட்டு மருந்து பற்றிக் கேட்டிருந்தார். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிஷம் விடுங்கள். ஒரு பாட்டிலில் நூல் சுற்றி வையுங்கள், தடவினால் தெரியும்.

நைட் டியூட்டிக்கு நேரமாச்சு. சொல்லிவிட்டே கிளம்புகிறேன்.