ஷெட்டில் இருந்த தண்ணீர் பம்ப்பைக் காணவில்லை

கீரைத்தோட்டம்: சிங்கப்பூரில், லிம் சூ காங்கில் ஒரு கீரைப் பண்ணைக்கு மேற்பார்வை பார்க்கிறேன். போன வாரம் தண்ணீர் பம்ப்பும் புல்வெட்டும் மெஷினும் போய்விட்டன. பூட்டு அப்படியே தொங்குகிறது, கதவுக் கீலைக் கழற்றியிருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்கு 60 வெள்ளி கொடுத்தேன்! ராத்திரியில் இந்தப் பக்கம் நாய் தவிர யாரும் இல்லை. என்ன செய்யலாம்?

கிராஞ்சி அண்ணன்: தம்பி, முதலில் போலீஸில் புகார். 999 அவசரத்துக்குத்தான், இதை இணையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். சீரியல் நம்பர் இருக்கிறதா? அது இல்லாவிட்டால், விற்பனைக்கு வந்த பம்ப்பை நேரில் பார்த்தாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது கஷ்டம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவனும் தண்டனைச் சட்டம் 411வது பிரிவில் மாட்டுவான். அதனால் எங்கள் சாமான் எல்லாவற்றிலும் பெயர் பொறித்து ஊதா பெயின்ட் அடித்துவிட்டோம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் யார் வாங்குவான்?

கீரைத்தோட்டம்: நம்பர் இருந்த பம்ப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேனே அண்ணே.

மண்வெட்டி: கடை பில்லைப் பாருங்கள், சிலர் அதில் நம்பர் எழுதுவார்கள். கீலுக்கு ஸ்க்ரூ வேண்டாம். போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்குங்கள்.

கீரைத்தோட்டம்: பில் லாரி டேஷ்போர்டில் கிடைத்தது. நம்பரும் இருக்கிறது!