கஞ்சா செடிதானே என்கிறான் அக்கா மகன். என்ன பதில் சொல்வது?

குடியாத்தம் மருந்துக்கடைக்காரர்:
குடியாத்தத்தில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். லீவுக்கு வந்தவன் கண் சிவந்து கிடக்கிறான். வீட்டில் சாப்பிட்டு முடித்து, ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு முழு ஆம்பூர் பிரியாணியைத் தனியாளாகக் காலி செய்கிறான். சட்டைப் பையில் கண் சொட்டு மருந்து வேறு. கேட்டதற்கு மறைக்கவும் இல்லை. "அது செடி மாமா, சாராயம் மாதிரி காய்ச்சினதா? நம்ம மூளையே அந்த மாதிரி ஒண்ணைச் சுரக்குது. நீங்க கடையில விக்கிறதும் செடிதானே?" என்கிறான்.

செடிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சேராங்கொட்டையும் மரத்தில்தான் காய்க்கிறது. சுத்தி செய்யாத, அதாவது நஞ்சு நீக்காத கொட்டையின் பால் கையில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். வைத்தியர் எழுதிக்கொடுக்காமல் யாருக்கும் எடுத்துத் தர மாட்டேன். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று பேர், சரி. அங்கேயும் சுத்தி, அளவு, பத்தியம் எல்லாம் உண்டு. சிகரெட் தூளோடு கலந்து இழுக்க எந்தச் சித்தரும் சொல்லவில்லை.

ஆனால் மூளை சுரக்கிறது என்கிறானே, அது உண்மையா? அப்புறம், அவன் அப்பா தினமும் டாஸ்மாக் போகிறவர். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. இவன் சங்கதி தெரிந்தால் மட்டும் வெட்டுவேன் குத்துவேன் என்று நிற்பார். அக்காவிடம் சொல்லலாமா?

பாகாயம் நர்ஸ்:
பையன் சொல்வது பாதி சரி அண்ணா. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சியை இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் 1964-ல் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டும் இடம் 1988-ல் தெரியவந்தது. அதே இடத்தில் ஒட்டுவதற்கு நம் உடம்பே ஆனந்தமைடு என்ற ஒன்றை உண்டாக்குகிறது என்று 1992-ல் கண்டுபிடித்தார்கள்.

மீதிப் பாதியை அவன் சொல்லவில்லை. ஒரு நரம்பு செல் அளவுக்கு மீறி அனுப்பும்போது, வாங்குகிற செல் 'போதும்' என்று திருப்பிச் சொல்லும் ஏற்பாடு அது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் உண்டாகி, சீக்கிரமே சிதைந்துவிடும். டிஎச்சி அப்படி இல்லை. மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் நிற்கும், கொழுப்பிலும் தங்கும். ராத்திரி பிரியாணிப் பசியும் படித்தது மறப்பதும் அதனால்தான். மூச்சை நடத்தும் பகுதியில் அந்த இடங்கள் குறைவு, அதனால் அபின் வகையைப் போல மூச்சை நிறுத்துவதில்லை. இதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மற்றதையும் நம்ப மாட்டான்.

ஒன்று கேட்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா? இருந்தால் இவனுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

சத்துவாச்சாரி வக்கீல்:
1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் சேர்ந்த நுனிதான் கஞ்சா. தனி இலையும் விதையும் அதில் வராது. வடக்கே சில ஊர்களில் லைசென்ஸ் கடையில் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்பது அந்த இடைவெளியில்தான். ஒரு கிலோ வரை 'சிறு அளவு' என்பதைப் பையன்கள் சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவருக்கு 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு. வழக்கு வந்தபின் ஓடிவருகிறவர்கள்தான் அதிகம்.

அணைக்கட்டு பெரியவர்:
எங்கள் பக்கம் மலையில் சிலும்பி (கஞ்சா இழுக்கும் குழாய்) பிடித்தால் சாமியார், தெருவில் பிடித்தால் பொறுக்கி. சாராயம் குடித்தவனுக்கு மட்டும் பெண் கொடுத்தோம்.

குடியாத்தம் மருந்துக்கடைக்காரர்:
நர்ஸ் அம்மா, இருந்தது. அவனுடைய சித்தப்பாவுக்கு. காற்று கருப்பு என்று சொல்லி மூடிவைத்த கதை, இவனுக்குத் தெரியாது. நேற்று கடையை அடைத்தபின் சொன்னேன். எதிர்ப்பேச்சு பேசவில்லை. ரெண்டு நாள் இழுக்காவிட்டால் தூக்கமே வருவதில்லை, எரிச்சலாக இருக்கிறது என்று அவனே சொன்னான். டாக்டரிடம் வருகிறானாம், அப்பாவுக்குத் தெரியக் கூடாதாம். பெற்றோர் இல்லாமல் பார்ப்பார்களா?

பாகாயம் நர்ஸ்:
பதினெட்டு தாண்டியவன்தானே, தாராளமாகப் பார்ப்பார்கள். நீங்கள் கூட வந்தால் போதும். சித்தப்பா விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்குள் தூக்கமில்லாமல் தவித்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.