பொருள்: ‘பிவட்’டுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் (அவசரம்)

நண்பர்களுக்கு வணக்கம். கைக்கடிகாரப் பராமரிப்புக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. சாவி கொடுக்கும் கடிகாரம் கீழே விழுந்தால் என்ன செய்வது என்ற பகுதியில் ஒரு சொல் இடிக்கிறது. வரைவு இது:

“உடனே சாவி கொடுக்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் சில்லு முள்ளுக்கடியில் சிக்கி டயலைக் கீறும். சாவி கொடுக்கும் திருகை இழுத்தால் நிற்கும் வகையானால் இழுத்து நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கர அச்சின் பிவட் வளைந்திருக்கலாம்.”

பிவட்டுக்கு என்ன போடலாம்?

---

அச்சாணி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்’ என்ற குறள் 667 எல்லாருக்கும் தெரியும்.

---

> அச்சாணி இருக்கும்போது

இல்லை ஐயா. அச்சாணி என்பது சக்கரம் கழன்றுவிடாமல் செருகும் ஆணி. பிவட் அச்சின் மெலிந்த நுனி, ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான். அச்சைத் தாங்கப் பதித்த சிறு கல்லின் துளைக்குள் நின்று சுழல்கிறது. கீல் இல்லாத பழைய கதவுகளைப் பாருங்கள்: மேலும் கீழும் நீட்டிய குடுமி, குழியில் நின்று திரும்பும். அதே அமைப்பு. குடுமி என்போம்.

---

அருமை! மலைக்குடுமி என்றால் உச்சி. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் பெயரிலும் அச்சொல் நிற்கிறது. மலையுச்சியைக் குறிக்கும் ‘கோடு’ இதற்கு உறவா என்று பார்க்க வேண்டும். கோடு, குவடு, குடுமி...

---

வேர்ச்சொல்லைப் பிறகு பார்ப்போம், நாளை அச்சு. அடுத்த வரியிலேயே, பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள்வில்லான மயிர்ச்சுருள் வருகிறது. பக்கத்தில் குடுமி என்றால் படிப்பவர் தலைமுடி என்றே நினைப்பார். ‘சுழல்முனை’ போதும்.

வரைவில் சோதனையையும் சேருங்கள். கண்ணாடி முழுசாக இருந்து, உள்ளே எதுவும் கலகலக்காவிட்டால் மட்டும் முழுச் சாவி கொடுத்து, டயல் மேலாக 24 மணி நேரம், மறுபடி சாவி கொடுத்துக் கவிழ்த்து 24 மணி நேரம் வைக்க வேண்டும். டயல் மேலாகக் கிடக்கும்போது பாரம் முழுவதும் பின்மூடிப் பக்க முனையில், கவிழ்த்தால் மறுமுனையில். இரண்டு நாளிலும் முந்திய, பிந்திய கணக்கு வெகுவாக வேறுபட்டால் ஒரு முனையில் பழுது இருக்கலாம். இரண்டு நிலையிலும் பல நிமிடம் முந்தினால் மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். காந்தம் ஏறினாலும் அப்படி ஓடும்.

---

‘அதிர்ச்சி தாங்கும்’ என்று பொறித்திருந்தால் கவலையில்லை என எழுதிவிடாதீர்கள். அதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 1413 சொல்லும் சோதனை, ஒரு மீட்டரிலிருந்து கெட்டி மரத்தரையில் விழுவதற்கு ஈடானது. கல்தரைக்கு அது பொருந்தாது. இன்காபிளாக் என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பில் கல்லைப் பிடித்திருக்கும் வில் யாழ் வடிவம். ‘யாழ்வில்’ என்றே எழுதலாமே?

---

நன்றி. யாழ்வில் சேர்ந்தது. நான்கு பேர் சொன்னதால் ‘சுழல்முனை’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘பிவட் எனப்படும்’ என்று வரும்.

---

அனுப்புங்கள். ஆனால் சுழல்முனை நிற்கும் கல்துளைக்கு என்ன சொல்வீர்கள்? குடுமி என்றிருந்தால் குடுமிக்குழி தானாக வந்திருக்கும். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.