எஃப் 22 வச்சும் கதிரும் கோபுரமும் ஒண்ணா ஷார்ப்பா வரமாட்டேங்குது

குடமுருட்டி:
பாபநாசம் பக்கம் நம்ம ஊரு. சம்பா கதிர் முத்தி தலை சாஞ்சு நிக்குது, பின்னாடி அரை கிலோமீட்டர்ல கோயில் கோபுரம், ரெண்டும் ஒரே படத்துல தெளிவா வேணும். க்ராப் சென்சார் கேமரா (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்), கூட வந்த 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ். கோபுரம் பெருசா தெரியணும்னு 55க்கு ஜூம் பண்ணி, ரெண்டடி தள்ளி இருக்கற கதிர்ல ஃபோகஸ் வச்சு லென்ஸ் ஓட்டைய (அப்பர்ச்சர்) எஃப் 22 வரைக்கும் மூடிச் சின்னதாக்கிப் பாத்துட்டேன், கோபுரம் கரைஞ்சு போயிருக்கு, கதிரே கூட சுமாராத்தான் இருக்கு. போன்ல இதைவிட நல்லா வருதுண்ணே, அப்ப கேமரா எதுக்கு?

வெண்ணாத்தங்கரை:
தம்பி, அப்பர்ச்சர் ஒண்ணு மட்டும் இல்ல, ஃபோக்கல் லெங்த்தும் (அந்த 18, 55 நம்பர்) தூரமும் இருக்கு. 55ல எஃப் 22 வச்சாக்கூட ஹைப்பர்ஃபோக்கல் தூரம், அதாவது ஃபோகஸ் வச்சா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் தெளிவா வர்ற ஆகக் கிட்ட தூரம், 7 மீட்டர் வரும், அங்க ஃபோகஸ் வச்சா மூணரை மீட்டர்லேர்ந்துதான் தெளிவு ஆரம்பிக்கும், ரெண்டடி கதிருக்கு வழியே இல்ல. அதையே 18க்கு வந்து எஃப் 11 வச்சு ஒன்றரை மீட்டர் சொச்சத்துல ஃபோகஸ் பண்ணுங்க, 80 சென்டிமீட்டர்லேர்ந்து கோபுரம் வரைக்கும் கெடைச்சுரும், கதிர்லேர்ந்து கொஞ்சம் பின்னால தள்ளி நின்னாப் போதும். கதிர் சுமாரா வர்றது டிஃப்ராக்‌ஷன், ஓட்டை ரொம்பச் சின்னதானா வெளிச்சம் வளைஞ்சு பரவிடும். க்ராப் சென்சார்ல எஃப் 11 தாண்டாம இருக்கறது நல்லது.

மன்னை மைந்தன்:
போன்ல லென்ஸோட நெஜ ஃபோக்கல் லெங்த்தே அஞ்சாறு மில்லிமீட்டர்தான் சார், அதான் தெளிவு நீளமா தெரியுது. போர்ட்ரெயிட் மோட்ல வர்ற மங்கல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் போடுறது. இன்னொண்ணு, ஃபோகஸ் வச்ச எடத்துக்கு முன்னாடி ஒரு பங்கு, பின்னாடி ரெண்டு பங்கு தெளிவா இருக்கும், அதை வச்சு கணக்கு போட்டுக்கலாம்.

வெண்ணாத்தங்கரை:
அந்த ஒண்ணு-ரெண்டு கணக்க எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஹைப்பர்ஃபோக்கல்ல மூணுல ஒரு பங்கு தூரத்துல மட்டும்தான் அது சரியா வரும். கிட்டப் போகப் போக முன்னயும் பின்னயும் கிட்டத்தட்ட சமம். தூரம் போனா பின்பக்கம் ஒரேயடியா நீண்டுரும். தஞ்சை பெரிய கோயில்ல நந்திக்குப் பத்தடி பின்னால நின்னு 18, எஃப் 8ல நந்தியிலயே ஃபோகஸ் வைங்க, 216 அடி விமானமும் சேந்து தெளிவா வரும்.

குடமுருட்டி:
18ல பாத்தேண்ணே, கோபுரம் தீக்குச்சி சைஸுக்கு ஆயிடுது

மன்னை மைந்தன்:
வரப்புலயே கோபுரத்துப் பக்கம் நடந்து போயி வேற கதிர் பாருங்க சார், கதிருக்கா பஞ்சம். இல்லன்னா ட்ரைபாட்ல கதிருக்கு ஒண்ணு கோபுரத்துக்கு ஒண்ணு எடுத்து கம்ப்யூட்டர்ல சேக்கணும், காத்துல கதிர் ஆடிச்சுன்னா அதுவும் வெளங்காது. வ்யூஃபைண்டர நம்பாதீங்க, டிஎஸ்எல்ஆரா இருந்தா அதுல பாக்கறப்ப லென்ஸ் முழுசா தொறந்தேதான் இருக்கும், ப்ரிவ்யூ பட்டன் இருந்தா அமுக்கிப் பாருங்க, அப்பத்தான் ஓட்டை மூடி படத்துல வர்ற தெளிவு தெரியும். எனக்கென்னமோ கோபுரம் லேசா மங்கலா இருந்தாத்தான் படம் நல்லாருக்கும்னு தோணுது, எஃப் 8ல ஒண்ணு எடுத்து இங்க போடுங்களேன்.